திங்கட்கிழமை எமன்

எமனுக்கே வேலை நாள் குறித்துக் கொடுத்த மகான் ஒருவர் மலேசியாவின் கிள்ளானில் இருந்தார். திரிகாலச் சுவாமி. போன வருஷம் வரை பங்சாரில் கார் இன்சூரன்ஸ் விற்ற விமலன்தான். காரைவிட உயிருக்குப் பயப்படுகிறவர்கள் அதிகம் என்று கண்டுகொண்டார், ஞானம் வந்துவிட்டது.

திங்கட்கிழமைகளில் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலில் எமன் நிற்கிறான் என்பது அவர் வாக்கு. வாராவாரம் அங்கே பிதுங்கும் கூட்டத்தைச் சீடர்கள் வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவார்கள். வாக்கு தப்பியதே இல்லை! ஞாயிறானால் எமனைத் தடுக்கும் கறுப்புக் கயிறு வாங்க, சுவாமியின் மாடிப்படி முழுக்க ஜனம். கயிறு இலவசம். காணிக்கைக்கு மட்டும் கியூஆர் கோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலர்விழி தன் கணவன் வாசுவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். காலையிலிருந்து அவனுக்கு நெஞ்சில் பாரம், சட்டை நனைய வியர்வை. வடக்கே கெடா மாநிலத்திலிருந்து வந்திருந்த வாசுவின் அக்கா லோகேஸ்வரி, "ஆஸ்பத்திரிக்குப் போலாம் லா!" என்று வழியெல்லாம் கத்தினாள். மலர்விழிக்குப் பயம். வாசு போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தப் பயம்தான் சுவாமிக்கு முதல்.

"இன்னைக்கு அட்மிட் பண்ணா, நாளைக்கு எமன் வாசல்ல படுத்திருப்பாரு. செவ்வாக்கிழமை போம்மா," என்று சுவாமி கயிற்றை நீட்டினார்.

லோகேஸ்வரி முன்னால் வந்தாள். "சுவாமி, எங்க கெடாவுலயும் திங்கள்தானா?"

"எமனுக்கு ஏதும்மா பார்டர்?"

"அப்ப இன்னைக்கு அங்க எமர்ஜென்சி எப்படி இருக்கும்?"

சுவாமி கண்ணை மூடினார். "ஈ காக்கா இருக்காது."

லோகேஸ்வரி, தன்னூர் ஆஸ்பத்திரி எதிரே காப்பிக் கடை வைத்திருக்கும் தாமரையை வீடியோவில் அழைத்தாள். "தாமரை, எமர்ஜென்சி வாசலைக் காட்டு."

திரை முழுக்கத் தலைகள்.

"ஞாயித்துக்கிழமை எப்பவும் இப்படித்தான்," என்றாள் தாமரை. "வெள்ளி, சனி லீவு முடிஞ்சு இன்னைக்குத்தானே வேலை? ரெண்டு நாளா அடக்கி வெச்ச வலியும் வரும், லீவு போட டாக்டர்கிட்ட எம்.சி. சீட்டு கேக்கிறவனும் வருவான்."

"அங்க வார லீவு வெள்ளி, சனி; ஞாயித்துக்கிழமை வேலை ஆரம்பம், அன்னைக்கே கூட்டம். இங்க திங்கள்ல வேலை ஆரம்பம், திங்கள்ல கூட்டம். எமன் எங்க வந்தான், சுவாமி?" என்றாள் லோகேஸ்வரி.

"அங்க கிரகம் வேற..."

"இப்பதானே பார்டர் இல்லன்னீங்க!"

படியில் நின்ற ஒருவர் தலையைச் சொறிந்தார். "போன வார வீடியோவுல நான் இருக்கேன் பாஸ். எம்.சி.க்குத்தான் போனேன்."

மாடிப்படியே சிரித்தது. மலர்விழி சிரிக்கவில்லை. கயிற்றைச் சுவாமியின் மடியில் வீசிவிட்டு, வாசுவைக் காரில் ஏற்றினாள்.

இரத்தக் குழாயில் அடைப்பு. "செவ்வாய் வரைக்கும் தாங்கியிருக்காது," என்றார் டாக்டர். வாசு பிழைத்துக்கொண்டான். சுவாமி மாடியைக் காலி செய்துவிட்டு, செமினிப் பக்கம் இடம் பார்க்கிறாராம்.

செமினி மகாஜனங்களே, கயிறு கட்டக் கையை நீட்டுமுன், கட்டிப்போட்ட மூளையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள்.