விளக்குக் கம்பத்தைத் தேடிய கார்

இனிமேல் எதற்காகவும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று மாஸ்டர் தீர்மானம் எடுத்தார். பெரிய தீர்மானம்தான். ஆனால் அதை அறிவிக்க மனைவி அறைக்குள் வர வேண்டுமே, வந்தபாடில்லை. கடைசியில் அவரே இறங்கி, நொண்டி நொண்டிச் சமையலறை வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்து இருக்கையில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவர். அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மறந்தால் மாஸ்டர் மிதிப்பார். எத்தனை சுவர்கள், எத்தனை லாரிகள், எத்தனை அப்பாவி ஆடுகள்! எல்லாவற்றையும் காப்பாற்றியது அவருடைய வலது கால். அப்பேர்ப்பட்ட காலை ஒரு பிளாஸ்டிக் வாளி கவிழ்த்துவிட்டது. காரின் கூரையைத் துடைக்க வாளியைக் குப்புறப்போட்டு அதன்மேல் ஏறினார். வாளிக்கு அவர் மாஸ்டர் என்று தெரியாது.

முட்டி நொறுங்கி, ஆபரேஷன் செய்து, தகடும் திருகாணியும் வைத்து அனுப்பினார்கள். பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிப் பெண் ஒளிவுமறைவு இல்லாதவள்.

"முட்டி இனிமே முழுசா மடங்காது சார். நொண்டலும் கொஞ்சம் இருக்கும். ஆனா பலம் வரும். அது உங்க கையிலதான் இருக்கு."

"கால்ல இல்லையா?" என்றார் மாஸ்டர்.

அவள் சிரிக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, தினமும் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாள் தள்ளினார். கால் அப்படியே இருந்தது. இடது தொடைக்குப் பக்கத்தில் வலது தொடை யாருடையதோ போலத் தெரிந்தது. பழையபடி ஆகிவிடும் என்றால் மனுஷன் எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளுவான். பழையபடி ஆகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டால், எதற்காகத் தள்ளுவது? இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, படுத்தபடியே முனகல் மட்டும் கொடுத்தார். அதில் ஏற்ற இறக்கமெல்லாம் இருந்தது.

"என்னங்க, பண்ணியாச்சா?"

"சத்தம் கேக்கலையா உனக்கு?"

"உங்க சத்தம் கேட்டுச்சு. கட்டில் சத்தம்தான் கேக்கல."

"கட்டில் எதுக்குச் சத்தம் போடணும்?"

"நீங்க தும்முனாலே கிறீச்சுங்கற கட்டில் அது. இந்தத் தள்ளு தள்ளியிருக்கீங்க, கம்முனு இருக்கே?"

அன்றைக்குத்தான் கட்டிலை விட்டு இறங்காத தீர்மானம் பிறந்தது. அன்று மாலையே சின்ன மகள் போன் செய்தாள். வெளியூரில் வேலை கிடைத்திருந்தது அவளுக்கு.

"அப்பா, லீவு போட்டுட்டு வரேன். கார் ஓட்டக் கத்துக்குடுப்பா."

"வேற ஸ்கூல்ல சேந்துக்கோம்மா. அப்பா கால் இனிமே ஒரு பிரேக்கும் மிதிக்காது. வண்டியையே வித்துடப் போறேன்."

போனை வைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அந்த மகள் நடை பழகியதே அவர் விரலைப் பிடித்துக்கொண்டுதான். வாசற்படியில் நின்ற மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் கார் சாவியோடு வந்து நின்றாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் அவளை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்திருந்தார். கிளட்ச் விஷயமாக அவர் போட்ட கூச்சலில், நடுத்தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தே போனவள் அவள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

"உனக்கா? இப்பவா?"

"வண்டிய விக்கப் போறீங்களே, அதுக்குள்ள கத்துக்கறேன்."

"என் கால் பாதி செத்துக் கெடக்குதும்மா. நீ எங்கயாவது மோதுனா?"

"மோத விட்டுடுவீங்களா? உங்க காலை நம்பித்தானே ஏர்றேன்."

வாளியிலிருந்து விழுந்த நாள் முதல் அந்தக் காலைப் பார்த்து எல்லோரும் 'ஐயோ' என்றுதான் சொல்லியிருந்தார்கள். நம்புகிறேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. மாஸ்டர் கைத்தடியைத் தேடினார்.

ஒரு சந்தை முதல் கியரிலேயே ஊர்ந்து தாண்டினால், மூடிக்கிடந்த கிடங்கு ஒன்றின் மைதானம். யானைக்கூட்டமே ஓட்டிப் பழகலாம், அவ்வளவு பெரியது. நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். அம்மாள் காரை நேராக அதை நோக்கி விட்டாள்.

"திருப்பு! திருப்பு!"

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமாவது!"

"ஒரு பக்கமாச் சொல்லுங்க!"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார். பெடல் வெண்ணெயாக இறங்கியது. கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. இத்தனை சுலபமா? தன் காலைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டார்.

மறுநாளும் கம்பம். அதற்கடுத்த நாளும் கம்பம். மாஸ்டரின் அனுபவத்தில் இப்படி ஒரு மக்குச் சிஷ்யை வாய்த்ததில்லை. ஆனால் இவள் உயிர் தன் காலில் இருக்கிறது என்ற நினைப்பு அவரைச் சும்மா விடவில்லை. ரகசியமாக ரப்பர் பட்டையைத் தள்ள ஆரம்பித்தார். ஏய்த்ததை ஒப்புக்கொள்ள முடியுமா? கட்டில் கிறீச்சிட்டுக் காட்டிக்கொடுக்காமலிருக்க, அதன் மூட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார்.

"கட்டிலுக்கு எதுக்குங்க எண்ணெய்?"

"துருப்பிடிக்குது."

"மரக்கட்டிலா?"

மாஸ்டர் அவசரமாகக் குளிக்கப் போய்விட்டார்.

வாரங்கள் ஓடின. பெடல் மட்டும் வர வர இறுகிக்கொண்டே போனது. ஒருநாள் முழுப்பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டியிருந்தது. வியர்த்து வழிந்தது.

"பிரேக் டைட்டாயிடுச்சு. மெக்கானிக்கை வரச் சொல்லணும்."

"அதெல்லாம் வேணாம். மிதிக்க மிதிக்கச் சரியாப் போயிடும்."

கார் ஞானம் துளியும் இல்லாதவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மிதித்தார். உண்மையிலேயே சரியாகப் போனது. மடங்காத முட்டி மடங்கவில்லைதான். ஆனால் கைத்தடியை எங்கே வைத்தோம் என்பதை அவர் மறக்க ஆரம்பித்திருந்தார்.

பிறகு ஒருநாள், மைதானத்திலிருந்து திரும்பும்போது, சந்துக்குள் எதிரே ஒரு லாரி நுழைந்துவிட்டது. பின்னாலே போய்த்தான் ஆக வேண்டும். வளைவு வேறு.

"பதறாத! அப்படியே நிறுத்து. நான் எறங்கி வழி சொல்றேன்," என்று பதறினார் மாஸ்டர்.

அவள் ரிவர்ஸ் போட்டாள். அவர் இருக்கையின் முதுகில் ஒரு கையை வைத்துத் திரும்பினாள். ஒற்றைக் கையால் சந்து முழுக்கப் பின்னாலேயே வந்து, வளைவில் வழுக்கினாற்போலத் திரும்பி, ஓரமாக நிறுத்தினாள். லாரிக்காரர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். மாஸ்டர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க கத்துனீங்கள்ல, அதுக்கு அடுத்த மாசம். எதிர்த்தெரு ஸ்கூல்ல."

"என் போட்டிக்காரன்கிட்டயா!"

"நல்ல மனுஷன். சத்தமே போடல. அக்கா வீட்டுக்குப் போறப்பெல்லாம் அவ காரை நான்தான் ஓட்டறேன்."

"இத்தனை வருஷமா மறைச்சியே?"

"சொல்லியிருந்தா கடை கண்ணிக்கெல்லாம் என்னையில்ல அனுப்பியிருப்பீங்க."

மாஸ்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு பெடலும் ஒரே கம்பியில் பிணைந்தவை. அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கமும் தானாக இறங்கும். இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"அப்ப மொத நாள் நிறுத்துனது..."

"நான்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்குடுத்தேன். பிரேக் டைட்டுன்னு மெக்கானிக்கைத் தேடுனீங்களே, அன்னிக்குத்தான் என் காலை மொத்தமா எடுத்தேன். அதுலேருந்து முழுக்க உங்க கால்தான்."

அழுவதா சண்டை போடுவதா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. சண்டை சுலபம் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார்.

"என் காலை நம்பி ஏர்றேன்னு சொன்னியேடி! எல்லாம் நடிப்பா?"

அவள் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"உள்ள போனதும் பட்டையை நல்லாத் தள்ளிட்டுப் படுங்க. நாளைக்கு லீவு போட்டுட்டு சின்னவ வர்றா. அவளுக்கு நிஜமாவே ஓட்டத் தெரியாது."