ஆட்சேபணை இல்லாத குடும்பம்

பூட்டுக்காரரின் அப்பா முறைப்படி உயில் எழுதி, முறைப்படி இரண்டு சாட்சிகளை வைத்து, முறைப்படி காலமானார். கடை மகனுக்கு, வீடு மகளுக்கு. அதில் யாருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் உயில் செல்லும் என்று அலுவலகம் ஒரு காகிதம் தரும்வரை கடைக்குச் சொந்தக்காரர் கிடையாது. சொந்தக்காரர் இல்லாத சொத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, அலுவலகமே அதைப் பூட்டிச் சீல் வைத்தது. ஊரில் எந்தப் பூட்டையும் ஒரு கம்பியால் திறக்கக்கூடிய மனிதர், அப்பாவின் கடைக்கு எதிரே நடைபாதையில் குடையை விரித்து உட்கார்ந்து சாவி வெட்டினார். மழை வந்தால் அதுவும் இல்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் பொறுமை போய், அலுவலகத்து எழுத்தரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"சார், எங்க கேஸ்ல என்னதான் பிரச்சினை?"

எழுத்தர் கோப்பைப் புரட்டினார். "ஒரு பிரச்சினையும் இல்ல. அதான் பிரச்சினை."

"புரியலையே."

"யாராவது எதிர்த்தா கோப்பு ஆட்சேபணைப் பிரிவுக்குப் போகும். விசாரணை, தீர்ப்புன்னு விறுவிறுன்னு நடக்கும். யாரும் எதிர்க்கலைன்னா ஆட்சேபணையின்மைப் பிரிவுக்குப் போயிடும்."

"அங்க என்ன நடக்கும்?"

எழுத்தர் எதிர் அறையைக் காட்டினார். மேசை இருந்தது, நாற்காலி இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரியைத்தான் காணோம். சண்டை போடாத குடும்பங்கள் அரிது என்பதால் அந்தப் பதவிக்கு ஆள் போடவில்லை. ஆள் போடாததால் கோப்புகள் கூரையைத் தொட்டன. கோப்புகள் கூரையைத் தொட்டதால் இனி ஆள் வந்தாலும் உட்கார இடமில்லை. மேலிடம் இதைத் தீர ஆலோசித்து, மின்விசிறியை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தது.

"நான் இப்ப என்ன சார் செய்யணும்?"

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. கணக்கு டீச்சர்."

"சண்டை போடச் சொல்லுங்க."

அன்று மாலை தங்கை தன் சமையலறையில் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "என்னண்ணா கூத்து இது! உன்மேல குறை சொல்ல எனக்கு என்ன இருக்கு?"

"எனக்காக ஏதாவது எழுதும்மா. அப்பாவைச் சரியா கவனிக்கலைன்னு எழுது."

"அவரோட கைக்கடிகாரத்தை நீ கேட்காம எடுத்துக்கிட்டேன்னு எழுதட்டுமா?"

"எழுது, எழுது!" மறுபடியும் சிரிப்பு.

முதல் பக்கம் இப்படி முடிந்தது. இரண்டாவது பக்கத்துக்கு அவள் எதையும் கேட்கவில்லை. தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனாள்.

"போதும்மா, ஒரு பக்கமே போதும்னு எழுத்தர் சொன்னார்."

"இருண்ணா. இப்பத்தான் வருது."

விசாரணை நாளில் ஆட்சேபணை அதிகாரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தங்கை மனுவை வாசித்தாள். கைக்கடிகாரம் வரை நன்றாகத்தான் போயிற்று.

"அப்பாவுக்கு மூச்சு வாங்கின அன்னிக்கு எங்க அண்ணன் யார் வீட்டுப் பூட்டையோ திறக்கப் போயிருந்தார். நான் எத்தனை தடவை போன் பண்ணியும் எடுக்கலை. அப்பா வாசலையே பார்த்துக்கிட்டிருந்தார்."

பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. அவருடைய வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"உனக்கு அவர் காலேஜைக் கொடுத்தார், எனக்கு அரத்தைக் கொடுத்தார். நான் கடையில நின்னதாலதான் நீ டீச்சரானே. ஒரு நாளாவது அதை நினைச்சுப் பார்த்தியா?"

"இவ்வளவையும் மனசுல வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா என் கையால சாப்பிட்டே?"

அதிகாரி தேநீரைக் கீழே வைத்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. 'இரு தரப்பாரும் உடன்பிறந்தவர்களே என்பது ஐயத்திற்கிடமின்றி நிரூபணமாகிறது' என்று தம் கையாலேயே கோப்பில் எழுதினார். அந்த வாரமே ஆணை வந்தது. ஆட்சேபணை தள்ளுபடி, உயில் செல்லும்.

சீலை உடைத்துக் கடையைத் திறந்தார்கள். தங்கை வரவில்லை. போன் செய்தார், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனார், அவள் பிள்ளைகளை வைத்து "அம்மா தூங்கறாங்க" என்று சொல்ல வைத்தாள். கடை கிடைத்த சந்தோஷம் அவருக்குத் துளியும் இல்லை. மறுநாள் காலையில் எழுத்தரிடம் ஓடினார்.

"சார், அந்த மனுவைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அவ கண்ணெதிர்ல கிழிச்சுப் போட்டு மன்னிப்புக் கேட்கணும்."

"மனு என்கிட்ட இல்லையே" என்று எழுத்தர் நடைக்கோடியைக் காட்டினார்.

அங்கே நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் பெரிய வரிசை. ஒரே வாரத்தில் ஆணை வாங்கிய மனு என்று செய்தி பரவி, ஆட்சேபணை இல்லாத குடும்பங்கள் எல்லாம் மாதிரிக்கு ஒரு பிரதி எடுக்க வந்திருந்தன. பிரதி கிடைத்தவர்கள் சுவரில் சாய்ந்து படித்தார்கள். தோளில் கை போட்டு வந்த அண்ணன் தம்பி இருவர், இரண்டாவது பக்கம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எதையெல்லாம் மாத்தணும்மா?" என்று பூட்டுக்காரர் ஒரு பெண்மணியிடம் பயந்துகொண்டே கேட்டார்.

"பேரை மட்டும்தாங்க. மத்ததெல்லாம் எங்க வீட்டுல உட்கார்ந்து எழுதின மாதிரியே இருக்கு."

அப்போது ஆட்சேபணை அதிகாரி வரிசையைத் தாண்டி முன்னால் வந்து கையை நீட்டினார். "எனக்கு ஒரு காப்பி."

எழுத்தர் திகைத்தார். "சார், உங்க அப்பா நல்லாத்தானே இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார். என் தம்பி நேத்தே ஒண்ணு வாங்கிட்டானாம்."