மறுநாள் காட்சிக்குக் காத்திருந்த மீசை

பொதிகையில் பிறந்து கடலைச் சேரும்வரை தாமிரபரணி எத்தனையோ சத்தியவான்களைக் கண்டிருக்கும். பாதி மீசையோடு ஏழாண்டுகள் வாக்குக் காத்தவரை அது ஒருமுறைதான் கண்டது. அவர் எங்கள் துறையின் ஓடக்காரர், பாதிமீசை அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் படிப்பை முடித்து, அக்கரை மிஷன் பள்ளிக்கு ஆசிரியையாக நான் தினமும் அவருடைய ஓடத்தில்தான் போய்வந்தேன். வலப்புறம் முறுக்கிய மீசை. இடப்புறம் மழித்த வழவழப்பு. காலையில் ஓடத்தில் குடையை மறந்த வெளியூர்க்காரர் ஒருவர், மாலையில் அதை அவர் நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். "நான் விட்டுட்டுப் போனது மீசைக்காரர்கிட்டல்லா! நீரு யாருவே?"

பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணாச்சி சுவரோரமாக ஒரு பக்கத்தைக் காட்டியே உட்கார்ந்திருந்தாராம். மணவறையில்தான் பெண்ணுக்கு மறுபக்கம் தெரிந்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை தாலி காத்திருந்தது.

சீமையில் பெயர்பெற்ற துரை ஒருவர் கடல்கடந்து வந்து எங்கள் ஆற்றங்கரையில் படம் பிடித்திருக்கிறார். கதையில் அண்ணாச்சி ஓடக்காரன். கொடுங்கோல் ராஜா அவனைக் கன்னத்தில் அறைந்து, பாதி மீசையை மழிக்கச் சொல்கிறான். உள்ளூர் நாவிதர் இசக்கி நிஜக் கத்தியோடு வந்து நிஜ மீசையையே எடுத்தார். ராஜாவை ஓடக்காரன் திருப்பி அடிப்பது மறுநாள் காட்சி. மறுநாள் விடிந்தபோது ஆறு கரைபுரண்டு ஓடியது. துரை காய்ச்சலில் விழுந்தார். ஊர் திரும்ப வண்டியேறுகையில் துபாசி மூலம் ஒன்று மட்டும் சொன்னார்: நான் வரும்வரை முகம் இப்படியே இருக்கட்டும்.

"வாங்குன அடிதான் டீச்சரம்மா படத்துல இருக்கு. திருப்பிக் குடுக்கது நாளைக்குன்னுட்டுப் போயிட்டாரு" என்பார் அண்ணாச்சி.

துரையின் ஆள் படம்பிடிக்கும் பெட்டியில் கைப்பிடியைச் சுற்றியதை ஊரே பார்த்திருந்தது. அதற்குள் படம் விழுந்தது என்பதை மட்டும் ஒருவரும் நம்பவில்லை. "அது காப்பிக்கொட்டை அரைக்க மிஷினுவே!"

வாரந்தோறும் இடப்புறத்தை மழிக்கையில் இசக்கி கெஞ்சுவார். "மத்த பக்கத்தையும் எடுத்துருதேன்வே. பாக்கச் சகிக்கல."

"ஏலே, தொரை வந்து நின்னா வேற மூஞ்சியோட எப்படிலே ராஜாவ அடிக்க?"

துரை போன ஆறாம் ஆண்டில் பள்ளிக்கு வந்த ஆங்கிலப் பத்திரிகையில், துரை தம் ஊரில் காலமானார் என்றும், கீழ்த்திசையில் தொடங்கிய படம் முடிவுறாமலே தொலைந்தது என்றும் நான்கு வரிகள் இருந்தன. அதை மடித்து மேசையின் அடியில் வைத்தேன். ஒவ்வொரு நாளும், நாளை சொல்லிவிடலாம் என்றே ஓடமேறினேன்.

மறுவருடம் வெள்ளையடிப்பதற்காக மிஷன் பங்களாவின் பின்னறையை ஒழித்தபோது, ஞானப்பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் நான்கு தகரடப்பாக்கள் கிடைத்தன. பிஸ்கோத்து என்று ஆசையோடு திறந்தார்கள். காய்ச்சலோடு அங்கே தங்கியிருந்த துரை விட்டுப்போன, இங்கேயே கழுவிக் காயவைத்த படச்சுருள்! கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூடாரம் போட்டிருந்த பயாஸ்கோப்புக்காரர் விளக்கு வைக்கும் நேரத்தில் அதை ஓட்டினார்.

திரையில் யானையளவு அண்ணாச்சி. ராஜா அறைந்தான், கூடாரமே கன்னத்தைத் தடவிக்கொண்டது. இசக்கியின் கத்தி இறங்கியது. பாதி மீசை உதிர்ந்தது. பிறகு வெறும் வெள்ளைத்துணி.

"மிச்சத்தப் போடும்வே!"

"அவன விடாதயும் அண்ணாச்சி! அடியும்!"

ஏழாண்டுகள் கேலி செய்தவர்களில் ஒருவர், ராஜா நின்ற இடத்தைக் குறிபார்த்துச் செருப்பை எறிந்தார்.

வெளியே இசக்கி தன் சவரப்பெட்டியைத் திறந்தார். "அதான் ஊரே பாத்தாச்சில்லா. எடுத்துருதேன்வே."

"படந்தான் முடியலயேலே."

இசக்கி என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, நீங்க இங்கிலீசுப் பேப்பரு படிக்கியள்லா. தொரை வருவாரா, மாட்டாரா? நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி என்னை நேராகப் பார்த்தார். அந்த முகத்தின் இரண்டு பாதிகளையும் நான் ஒருசேரப் பார்த்தது அன்றுதான்.

பொய் சொல்லலாகாது என்று அன்று காலைதான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியிருந்தேன்.

"கப்பலேறிட்டாராம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் இருந்த மீசையைப் பைய முறுக்கிவிட்டுக்கொண்டார்.