எத்தனை பல்?

பல் எண்ணும் இனம் என்று ஒன்று உண்டு. அதன் கைகள் ஒருபோதும் சும்மா இரா. ரம்பத்தின் வட்ட பிளேடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும், நகத்தால் சுண்டும், ஒவ்வொரு பல்லாகத் தடவி எண்ணும், துடைத்து உறையில் போடும், மறுபடி எடுக்கும். வெட்டாது.

எங்கள் நரின் மலையூரில் இந்த இனத்தின் தலைமகன் துய்ஷோன். அவன் தாய் உல்கான் படுத்த படுக்கை. அவளைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்க நான் தினமும் போவேன். அவளுடைய அறை ஜன்னலைச் செம்மறிக் கிடா முட்டி நொறுக்கிவிட்டது. ஓட்டையில் கம்பளத்தை அடித்திருந்தார்கள். கம்பளத்துக்கும் காற்றுக்கும் என்ன பகை? அவள் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கண்ணாடிக்குப் பதிலாகப் போட ஊரில் கிடைத்த ஒரே அக்ரிலிக் ஷீட், வெட்டப்படாமல் சுவரில் சாய்ந்து நின்றது.

"அவசரப்பட்டா ஓரம் சில்லு சில்லாத் தெறிக்கும் அக்கா. மரம் அறுக்கிற பிளேடுல பல்லு கம்மி. ரொம்ப நெருக்கமா இருந்தாலோ சூடேறி உருகி ஒட்டிக்கும்," என்பான் துய்ஷோன்.

எல்லாம் சரிதான். அதுதான் இவர்களிடம் தொல்லை. தப்பாகச் சொன்னால் தள்ளிவிட்டுப் போகலாமே!

சரியான பிளேடும் வாங்கிவிட்டான். பிறகு அதைப் பற்றிக் கருத்துக் கேட்க ஆள் கூப்பிட்டான். கருத்துச் சொல்ல வருகிறவருக்குத் தேநீர் தராமல் முடியுமா? அதுவும் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். ஆகவே பாதி, மறுபடி பாதி, ரொட்டி, வெண்ணெய், பல்லின் சாய்வு பற்றி ஒரு சண்டை. எழும்போது வந்தவர் உள்ளங்கைகளை விரித்து "வேலை நல்லபடி நடக்கட்டும்" என்று ஆசி சொல்ல, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொள்வோம். தச்சர் வந்தார், லாரி ஓட்டுநர் வந்தார், கணக்கு வாத்தியார் வந்தார். எந்தக் கல்யாணத்துக்கும் இத்தனை ஆசி கிடைத்ததில்லை. வேலைதான் தொடங்கவில்லை.

"அடுத்து யாரு, பல் டாக்டரா?" என்றாள் அவன் மனைவி நூரிலா, ஐந்தாவது கெட்டிலை அடுப்பில் வைத்தபடி.

"ஷீட்டு விரிசல் விட்டுட்டா நீயா குடுப்ப?"

"அதுக்கு முன்னாடி நான் உசுரை விட்டுடுவேன்டா," என்று படுக்கையிலிருந்து உல்கான் இருமினாள். போர்வைக்கு வெளியே இரண்டு கைகளையும் விரித்தாள். "வேலை நல்லபடி முடியட்டும். ஆசி சொல்லியாச்சு. முகத்தைத் தடவு. போய் வெட்டு."

தாய் ஆசி சொன்ன பிறகு உட்கார முடியுமா? ஷீட்டில் ஒட்டியிருந்த காப்புத்தாளை உரிக்காமலே கோடு போட்டான். நானும் நூரிலாவும் ஷீட்டைப் பிடித்துக்கொள்ள, ரம்பத்தைச் சீராகத் தள்ளினான். கெட்டில் கொதிப்பதற்குள் வேலை முடிந்தது. ஜன்னலில் திருகி மாட்டினோம். அன்றிரவு காற்று வெளியிலேயே நின்றது.

மறுநாள் காலை போனால், ஜன்னலடியில் நிற்கிறான். கையில் திருப்புளி.

"ஒரு மூலை மட்டும் லேசாச் சொரசொரன்னு இருக்கு அக்கா. கழட்டிட்டு, வேற பிளேடுல…"

திருப்புளியைப் பிடுங்கி என் பையில் போட்டேன். தாய்க்கு முதுகு துடைக்கும் வெந்நீர் வாளியை அவன் கையில் கொடுத்தேன்.

சிரிக்கிறீர்களா? 'கடைசியில் அந்த பிளேடில் எத்தனை பல்?' என்று நீங்கள் மனதுக்குள் கேட்டது என் காதில் விழுந்தது. வாருங்கள், உட்காருங்கள். உங்களுக்குக் கிண்ணம் நிறையவே ஊற்றுகிறேன்.