கீழே இறங்காத அம்பு

மச்சினனை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று கீபோர்டுக்காரர் சபதம் எடுத்தார். சத்தமாக எடுக்கவில்லை. மனைவி பக்கத்து அறையில் இருந்தாள்.

டிவி திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்க, ரிமோட்டின் அம்புப் பொத்தான்களைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகப் பிடிப்போமே, அந்த எழுத்துப் பலகையைச் செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. பகலெல்லாம் அந்த அம்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், மனைவியின் தம்பி சோபாவில் நீட்டிப் படுத்து அதே அம்புகளை அமுக்கிக்கொண்டிருப்பான். வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று வந்தவன். சோபா கிடைத்ததும் வீடு தேடுகிற மாதிரியே தெரியவில்லை. அவரோ சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு, அவன் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் வயிறு எரிந்தது. பிறகு காது வரைக்கும் எரிந்தது.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் ஒரு கோளாறு. கீழ் அம்பை அமுக்கினால் தேர்வுக் கட்டம் முதல் வரிசையை விட்டு நகரவில்லை. அமுக்கியது கம்ப்யூட்டர் நிரலுக்கு வந்து சேர்கிறது. நிரல் அதை விழுங்கிவிட்டுக் கம்மென்று இருக்கிறது. மேலதிகாரி அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கோபத்தோடு இவர் திருத்திக் கொடுத்தார். வீட்டில் தன் வேலை அறையில் உட்கார்ந்து, வீட்டு டிவிக்கு மட்டும் திருத்தாததையே ஏற்றினார். தனக்கென்று ஒரு கள்ளவழியும் வைத்துக்கொண்டார். நடுப்பொத்தானைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டு அம்பைத் தட்டினால் இறங்கும்.

முதல் வரிசையில் வெறும் உயிரெழுத்து. மெய்யெல்லாம் கீழே. என் உயிரை வாங்கியவன் உயிரெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் பார்ப்போம் என்று பல்லைக் கடித்தார்.

மச்சினன் வந்து, கீழே இறங்க மாட்டேன் என்கிறது மாமா என்றான். ரிமோட்டை அந்த அமுக்கு அமுக்கினால் பழுதாகாமல் என்ன செய்யும் என்று எரிந்து விழுந்தார். அன்றைக்கு மெய் திரையிலும் எட்டவில்லை, அவர் வாயிலும் வரவில்லை.

ஆனால் மச்சினன் அசரவில்லை. "ஈ" என்று ஒற்றை எழுத்தைப் போட்டான். ஈயைப் பற்றி ஒரு படம் வந்தது. முழுதாகப் பார்த்துவிட்டு, ஈ காலால் ருசி பார்க்கும் விஷயத்தைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினான். மறுநாள் "ஆ" போட்டான். ஆமை வந்தது.

"ஆமை ஒரே எடத்துல வருஷக்கணக்கா இருக்குமாம் மாமா."

"தெரியும். தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவன் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தான்.

கால்பந்து இறுதி ஆட்டத்தன்று மச்சினன் குளிக்கப் போன சமயம் பார்த்து, அவர் ரிமோட்டைப் பறித்தார். நடுப்பொத்தானைப் பிடித்தார், அம்பைத் தட்டினார், தன் அணியின் பெயரை மளமளவென்று அடித்தார். திரும்பினால் வாசற்படியில் மனைவி. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். தலையைத் துவட்டியபடி வந்த தம்பியிடம்தான் பேசினாள்.

"ரிப்பேரெல்லாம் இல்லடா தம்பி. மாமா கைக்கு நல்லாவே இறங்குது. இனிமே உனக்கு என்ன வேணுமோ அவர்கிட்ட சொல்லு, அடிச்சுக் குடுப்பார். என்னங்க, சரிதானே?"

சரியில்லை என்று எப்படிச் சொல்வது? திரையில் அணியின் பெயர் பட்டவர்த்தனமாக நின்றது. கள்ளவழி என்று எப்படி ஒப்புக்கொள்வது? தலையை ஆட்டினார். தாடை வலித்தது.

அதிலிருந்து அவர் மச்சினனுக்கு எழுத்தர். முகத்தில் சவர நுரையோடு கூப்பிட்டால் நுரையோடு வந்தார். சாப்பிடும்போது கூப்பிட்டால் இடக்கையால் அடித்தார். மச்சினன் தேர்ந்தெடுத்த பெயர்களோ ரயில் நீளம். கடைசி எழுத்துக்கு வந்ததும், வேண்டாம் மாமா, வேறு பார்க்கலாம் என்பான். அவர் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அவனை ஜன்னல் வழியே வீசினார். விரல் மட்டும் பணிவாக அடித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாங்க முடியவில்லை. திருத்திய பலகையை ஏற்றினார். ரிமோட்டைச் சோபாவில் வீசி, "சரியாயிடுச்சு. இனிமே யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்" என்று கத்தினார். மச்சினன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. அப்படியே உள்ளே போய்விட்டான்.

"இவனுக்கு என்ன ஆச்சு?" என்று மனைவியிடம் சீறினார்.

"கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்னு நெகிழ்ந்துபோயிட்டான். அவனுக்கு வீடு ரெடியாத்தான் இருந்துச்சு. சாவி வாங்க வேண்டியதுதான் பாக்கி. இவ்வளவு பாசமான மாமாவை விட்டுட்டு எங்க போறதுன்னு, காலைலயே வேணாம்னு சொல்லிட்டான்."

யார் முகத்திலும் விழிக்காமல் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு கோபப்படலாம் என்று தன் வேலை அறையைப் பார்த்து நடந்தார்.

"அங்க போகாதீங்க," என்றாள் மனைவி. "அது இப்ப அவன் ரூம்."