ஒட்டிலியாவுக்குத் தொண்டை கட்டிய நாள்

ஒட்டிலியாவின் தொண்டை அன்று பார்த்தா கட்டிக்கொள்ள வேண்டும்! வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

ரெமோவுக்குக் கை கால் ஓடவில்லை. இத்தாலிய மலையோரத்து அந்தக் கிராமத்தில் பழைய ஜெர்மன் பேச்சைச் சரளமாகப் பேச மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்கவே ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் தன் சைக்கிள் கோஷ்டியோடு கணவாய் ஏறி வந்துகொண்டிருந்தார். பேச்சு உயிரோடிருக்கிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால் புதுச் சைக்கிள் பாதை இந்த ஊர் வழியாக வரும். இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போய்விடும். சுற்றுலாச் சங்கச் செயலாளர் என்ற முறையில் ரெமோ ஊருக்கே வாக்குக் கொடுத்துவிட்டான்.

பாலாடைக்கட்டி செய்யும் நேவியோவைப் பிடித்து இழுத்து வந்தான்.

"இன்னிக்கு நீதான் ஒட்டிலியாவோட அண்ணன். பேசு."

"எனக்கு அந்தப் பாஷையில ரெண்டு வசவுதாண்ணே தெரியும்."

"மிச்சத்தை இருமிச் சமாளி."

பன்னிரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. பெரிய மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்து கை கொடுத்தார். "வாங்க பேராசிரியரே!" என்று ரெமோ அவரை மேசைக்கு அழைத்துப் போனான். சோளக்களியும் காளான் குழம்பும் மேசையில் ஆவி பறக்கக் காத்திருந்தன.

"க்ராப்ளி மூர்கெல்!" என்றான் நேவியோ.

"'வாங்க, சாப்பிடுங்க'ங்கறாரு" என்றான் ரெமோ.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு மேசையில் வாய் வைத்தது. நேவியோ பதறி, "க்ராப்ளி மூர்கெல்!" என்று விரட்டினான்.

"ஆட்டையுமா சாப்பிடக் கூப்பிடறாரு?" என்றாள் ஹைக்கே என்ற சைக்கிள்காரி.

ரெமோ அவசரமாகக் குறுக்கிட்டான். "எங்க பாஷையில வா, போ ரெண்டுக்கும் ஒரே சொல்லுதாங்க."

மீசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூர்கெல் தப்பு. உங்க தாத்தா காலத்துல 'மூர்கெலன்'னுதானே சொல்லியிருப்பாங்க?"

நேவியோ தலையாட்டினான். உடனே மீசைக்காரர் அதே பாஷையில் மடமடவென்று பொழிய ஆரம்பித்தார். நேவியோவும் பதில் சொன்னான். இருவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஊரே கைதட்டியது.

ரெமோ நேவியோவை மாட்டுக்கொட்டிலுக்கு இழுத்துப் போனான்.

"டேய், உனக்கு நிஜமாவே தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுண்ணே! ஆனா அவரு என்னைவிட நல்லாப் பேசறாரு."

இதற்கு மேல் ரெமோவால் தாங்க முடியவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஹைக்கேயிடம் போய், "மன்னிச்சிருங்கம்மா, அவன் ஒட்டிலியாவோட அண்ணனே இல்லை" என்று உடைத்துவிட்டான்.

ஹைக்கே சட்டென்று சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"உஷ், மெதுவா! பேராசிரியர் கணவாயில விழுந்து, கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கறாரு. எங்களுக்குப் பசி தாங்கல, அதான் சொல்லல. அந்த மீசைக்காரரு எங்களுக்குப் பஞ்சர் ஒட்டற ஆளு!"