எட்டாவது தந்தியும் எனக்கு வராத காய்ச்சலும்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். அங்கே நீங்களும் அத்தானும் புது வீட்டில் நலமாக இருக்கிறீர்களா? அந்தப் பெரிய கட்டில் ஒருவழியாகப் படுக்கையறைக்குள் நுழைந்ததா?

நீங்கள் குடிபோன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் என்று போனில் சொன்னது பொய். கூடவே இருமிக் காட்டியது அதைவிடப் பெரிய பொய். அன்று மாலை அத்தானின் போனுக்கு யாரோ அனுப்பிய படத்தில், மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது சாட்சாத் நானேதான். பிசாசுக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டானா என்று என் மனைவியிடம் கேட்டீர்களாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் மகள் மூன்று வருடமாக மெட்டல் என்கிற முரட்டு ராக் இசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கிறாள். டிரம் அடிக்கிற பெண் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாடுகிறவர் மழலையர் பள்ளி ஆசிரியர். வகுப்பில் ஒரு குழந்தையைக்கூட அதட்டாத மனிதர், மைக்கைப் பிடித்தால் குகைக்குள் பாறை உருளுகிற சத்தம் வரும். அடியில் கனமாக முழங்குகிற பேஸ் கிட்டாருக்கு ஒரு வங்கி ஊழியர். பெரிய மேடை ஒன்றுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் இரண்டு முறை தோற்றார்கள். பாட்டில் ஆழம் இல்லை என்று இரண்டு முறையும் ஒரே நடுவர் சொன்னார். மூன்றாவதும் போனால் குழுவைக் கலைத்துவிடுவதாகப் பேச்சு. இதை என் மகள் என்னிடம் சொல்லவில்லை. நாலு நாளாகத் தட்டில் சாப்பாட்டைக் கிளறிக்கொண்டே இருந்தவளிடம் அவள் அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆழத்துக்கு எட்டுத் தந்தி கிட்டார் வேண்டும் என்றாள் மகள். வழக்கமான கிட்டாருக்கு ஆறுதான்; இதில் கூடுதலாகத் தடித்த தந்திகள் இரண்டு. கடைக்காரன் ஏமாற்றிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன். முப்பது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், கம்பியைப் பற்றி எனக்கா தெரியாது? முதலில் காட்டிய கிட்டாரில் எட்டாவது தந்தியைச் சுண்டினேன். துணி காயப்போடும் கொடி மாதிரி ஆடியது. சட்டைப் பையிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். இருபத்தைந்தரை அங்குலம். இந்த நீளத்தில் இவ்வளவு தாழ்த்திச் சுருதி சேர்த்தால் தந்தி தொளதொளக்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதில் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள் ஒன்றுகூட நேராக இல்லை. விசிறி விரித்த மாதிரி கோணல்மாணலாகப் போயின. எனக்கு வந்ததே கோபம். கெட்டுப்போன சரக்கை என் பெண் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா என்று ஆரம்பித்து, முதலாளியைக் கூப்பிடுங்கள் என்கிற வரைக்கும் போய்விட்டேன். அவர்தான் முதலாளி. மகள் என் கையைப் பிடித்து இழுத்து, “அப்பா, அது வேணும்னேதான் அப்படி. தடிச்ச தந்திக்கு நீளம் ஜாஸ்தி, மெல்லிசுக்குக் கம்மி” என்றாள். அளந்தேன். ஒரு ஓரத்தில் இருபத்தெட்டு, மறு ஓரத்தில் இருபத்தாறு. அவள் எட்டாவது தந்தியை ஒரு தட்டுத் தட்டியதும் கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையே வாங்கினோம்.

வினை அதற்கப்புறம்தான். அந்த எட்டாவது தந்தி இறங்கும் இடம்தான் பேஸ் கிட்டார் குடியிருக்கும் இடம். முதல் ஒத்திகையில் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, எது யார் வாசிப்பது என்றே தெரியாமல் சேறாகக் கலங்கியது. வங்கி ஊழியர் பாதிப் பாட்டில் நிறுத்தினார். “என் இடத்துக்கே நீ வந்துட்டே. அப்புறம் நான் எதுக்கு?” என்றவர், கிட்டாரை உறையில் போட்டு மூடிக்கொண்டு கிளம்பியே போய்விட்டார். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் நாலு தந்தி பேஸ் வாசித்தது உங்களுக்குத் தெரியும். சாப்பிடும்போது, நான் வேண்டுமானால் வாசிக்கட்டுமா என்று வாயை விட்டுவிட்டேன். மகள் சிரித்திருந்தால் தப்பித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. “இது விளையாட்டு இல்லப்பா” என்றாள். “நானும் விளையாட்டுக்குச் சொல்லலம்மா” என்றேன்.

மறுபடியும் அதே கடை. முதலாளி பெருந்தன்மையாக ஆறு தந்தி பேஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார். கழுத்து மேஜைப் பலகை அகலத்துக்கு இருந்தது. பாட்டு இறங்கும் ஆழத்துக்கு நாலு போதாது, ஆறுக்கு என் விரல் போதாது என்று ஐந்து தந்தியை இரவலாக எடுத்துவந்தேன். அந்த அதிகப்படித் தந்தி உச்சியில் உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்கியது. பழைய ஞாபகத்தில் விரல் தானாக மேல் தந்திக்குப் போகும். அங்கே இருப்பதோ வேறு ஆள். இரண்டு நாள் நான் வாசித்ததெல்லாம் ஒரு வீடு தள்ளிப் போய்க் கதவைத் தட்டிய கதைதான். மகள் திட்டவில்லை. நிறுத்துவாள், முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரே பாட்டை ஒரே மாலையில் பதினோரு முறை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஆறாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது: அவள் எட்டாவது தந்தியில் தடதடவென்று ஓடும்போது நானும் கூட ஓட வேண்டியதில்லை, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். நின்றேன், சேறு தெளிந்தது. மழலையர் பள்ளி ஆசிரியர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அப்போதுதான் தேர்வு நேரத்தை அறிவித்தார்கள்: ஞாயிறு காலை பதினோரு மணி. நீங்கள் குடிபோகும் அதே நேரம். ‘பொய்யை நீங்களே சொல்லிக்கங்க, என்னை இழுக்காதீங்க’ என்று என் மனைவி தனியாக உங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

மேடைக்குக் கீழே அதே நடுவர். முதல் இரண்டு பாட்டு தப்பில்லாமல் போயின. மூன்றாவதில், பாட்டு மெதுவாகிக் கனத்து இறங்கும் இடம், அவள் எட்டாவது தந்தியை வைத்துக் கட்டிய இடம், அங்கே போய் அந்தத் தந்தியை இறுக்கிப் பிடிக்கும் முறுக்காணி நழுவிவிட்டது. பிரேக் பிடிக்காத லிஃப்ட் மாதிரி சுருதி கீழே கீழே போவது என் காதில் விழுந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. நிறுத்தப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு முறை, பதினோரு முறை என்று கேட்டுக் கேட்டு அவள் பகுதி எனக்கு மனப்பாடம் அக்கா. என்ன தைரியத்தில் செய்தேனோ, என் தடித்த தந்திக்குப் போய் அதை நான் வாசிக்க ஆரம்பித்தேன். கிட்டார் நின்றதில் டிரம் தடுமாறியது. கையால் சைகை காட்ட வழியில்லை, வாயைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கத்தினேன். படத்தில் நீங்கள் பார்த்த பிளந்த வாய் அதுதான். பிசாசு இல்லை, வாய்ப்பாடு. மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மிச்சம் இருந்த ஏழு தந்தியில், அதுவரை நான் கேட்டே இராத ஒன்றை மேலே வாசித்தாள்.

பாட்டு முடிந்தது. போச்சு என்று நினைத்தேன். பிறகு அந்த நடுவர் குனிந்து எதையோ எழுதிவிட்டு, இந்த முறை ஆழம் இருந்தது என்றார். எங்களை எடுத்துக்கொண்டார்கள் அக்கா. மேடைக்குப் பின்னால் மகள் வயரைச் சுருட்டிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், “நான் நிறுத்தியிருப்பேன்ப்பா” என்றாள். அவ்வளவுதான். நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

இந்த வயதில் இது எனக்குப் போதும். கட்டைவிரல் வீங்கி ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. இரவல் பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். வங்கி ஊழியரைச் சமாதானப்படுத்தி அழைக்கும்படி மகளிடம் சொல்லிவிட்டேன். இந்த ஞாயிறு குடும்பத்தோடு வந்து புது வீட்டைப் பார்த்து, அத்தானிடம் நேரில் மன்னிப்புக் கேட்பேன். இது உறுதி. அந்த வீட்டில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் வங்கி ஊழியரே போன் செய்தார். அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாராம். திரும்பி வரத் தயார் என்றார். நான் வாயெல்லாம் பல்லாகப் போனை மகளிடம் கொடுத்தேன். “ஸாரி, இடம் காலி இல்லை” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆகவே ஞாயிறு வர இயலாது, ஒத்திகை இருக்கிறது. அடுத்த மாதம் நீங்கள் இருவரும்தான் அந்தப் பெரிய மேடைக்கு வர வேண்டும். அத்தானுக்குக் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுக்கு வாங்கவில்லை, நீங்கள் அவள் வாசிப்பதை முழுசாகக் கேளுங்கள்.